திணிவும் நிறையும்: வேறு கிரகத்துக்குப் போனால் எது மாறும், எது மாறாது?

கிளிநொச்சிப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த அலகு வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன்மாரும் கேட்கிறார்கள், நெல் வாங்கி விற்கும் ஒரு அண்ணையும் கேட்டார். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சூத்திரம் எல்லாருக்கும் பாடம்தான், ஆனால் நிலவில் ஒரு மூட்டையைத் தள்ளினால் என்ன நடக்கும் என்று கேட்டால் அநேகம் பேர் தடுமாறுகிறார்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியம், அதனால் அங்கே நீளமாக எழுதியிருக்கிறேன்.

ரீச்சர், திணிவும் நிறையும் ஒண்டுதானே? கடையிலை எல்லாத்தையும் கிலோவிலைதானே நிறுக்கினம்?

ஒன்றில்லை. ஒரு பொருளை அசைக்க வெளிக்கிட்டால் அது எவ்வளவு மறுக்கிறது, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த எவ்வளவு மறுக்கிறது என்பதைச் சொல்வது திணிவு. அது அந்தப் பொருளுக்கே சொந்தம், கிலோகிராமில் சொல்வோம். நிறை என்பது நிற்கிற இடம் அந்தப் பொருளைக் கீழே இழுக்கிற விசை, அதை நியூற்றனில் சொல்வோம். 50 கிலோ நெல் மூட்டையைப் பூமி ஏறத்தாழ 490 நியூற்றன் விசையோடு இழுக்கிறது. 50 என்பது மூட்டையின் கணக்கு. 490 என்பது மூட்டையும் பூமியும் சேர்ந்த கணக்கு.

கடையில் இந்தக் குழப்பம் ஒரு நட்டத்தையும் தராது, ஏனென்றால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே பூமியில் நிற்கிறார்கள். திணிவு இரண்டு மடங்கானால் நிறையும் இரண்டு மடங்கு. அதனால் தராசு இழுவையை அளந்துவிட்டுக் கிலோவில் சொன்னாலும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. பூமியை விட்டு வெளிக்கிட்டால்தான் இரண்டும் பிரியும்.

இந்தியா வீடியோவிலை நிறை எண்டு வேறை எதையோ சொல்லினம். எங்கடை புத்தகத்திலை வேறை மாதிரிக் கிடக்கு. எது சரி?

இரண்டும் சரி. நம் பாடப் புத்தகத்தில் கிலோகிராமில் வருவது திணிவு, நியூற்றனில் வருவது நிறை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் கிலோகிராமில் வருவதை நிறை என்றும் நியூற்றனில் வருவதை எடை என்றும் எழுதுவார்கள். வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் சொல்லைப் பிடிக்காமல் அலகைப் பிடியுங்கள். சோதனைத் தாளில் நம் புத்தகத்துச் சொல்லையே எழுதுங்கள், இந்தப் பக்கத்திலும் அதுதான்.

அப்ப நிலவிலை என்ரை நிறை எவ்வளவு? மற்றக் கிரகங்களிலை?

திணிவை அந்த இடத்து ஈர்ப்பு ஆர்முடுகலால், அதாவது தானாக விழுகிற பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடுகிற அளவால், பெருக்கினால் நிறை வந்துவிடும். பூமியில் அது செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர், நிலவில் 1.62 (பூமியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒன்று), செவ்வாயிலும் புதனிலும் 3.7, வெள்ளியில் 8.9, வியாழனில் 24.8, சனியில் 10.4, நெப்டியூனில் 11 அளவு. உங்கள் திணிவு 50 கிலோ என்று வைத்தால் நிலவில் உங்கள் நிறை 81 நியூற்றன், செவ்வாயில் 185, வியாழனில் 1240. இத்தனை இடத்திலும் திணிவு அதே 50 கிலோதான்.

"நிலவில் 8 கிலோதான் இருப்பாய்" என்று பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் சொல்வார்கள். அந்த வசனம் எனக்குப் பிடிப்பதே இல்லை, கிலோவைச் சொல்லிவிட்டு இழுவையைக் கருதுவதால் பிள்ளைகளின் தலைக்குள் இரண்டையும் கலந்துவிடுகிறது. அவர்கள் சொல்ல வருவது, பூமியில் 8 கிலோப் பொருளைத் தூக்குகிற அளவு விசை நிலவில் உங்களைத் தூக்கப் போதும் என்பதைத்தான்.

சோதனையிலை நிலவிலை நிறையைத் தந்துபோட்டு வியாழனிலை நிறை கேட்டால் எங்கையிருந்து துவங்கிறது?

எப்போதும் திணிவுக்குத் திரும்பிப் போங்கள். நிலவில் நிறை 97.2 நியூற்றன் என்றால் 1.62 ஆல் பிரியுங்கள், திணிவு 60 கிலோ. அதை 24.8 ஆல் பெருக்கினால் வியாழனில் 1488 நியூற்றன். வினாவில் பூமிக்கு 10 என்று தந்திருந்தால் 10 ஐயே பாவியுங்கள், 9.8 என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். "நிலவில் திணிவு என்ன?" என்று கேட்டால் கணக்கே இல்லை, தந்த கிலோவை அப்படியே எழுதுங்கள். அநேகர் அங்கேயும் ஆறால் பிரித்துப் புள்ளியை விடுகிறார்கள்.

நிலவுக்குப் போனால் நாங்கள் மெலிஞ்சிடுவமோ அக்கா?

இல்லை தங்கச்சி. இடுப்புச் சுற்றளவு அதேதான், போட்டிருக்கிற சட்டையும் அதே அளவாகத்தான் இருக்கும். உடம்பில் உள்ள ஒரு அணுவும் குறையவில்லையே.

ஆனால் மாதக்கணக்கில் விண்வெளியில் இருப்பவர்களுக்கு உடம்பு உண்மையாகவே கெடுகிறது. காலும் முதுகும் உடம்பைத் தாங்க வேண்டிய வேலை இல்லாததால் தசை கரையும், பாரம் தாங்குகிற எலும்புகள் மாதத்துக்கு 1 வீதம் அளவில் அடர்த்தி இழக்கும். அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் உடற்பயிற்சிக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். இது தசையும் எலும்பும் குறைவதால் வருகிற திணிவுக் குறைவு. ஈர்ப்பு மாறியதால் நிறை குறைவதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

நிலவிலை மூட்டை இலேசு எண்டால் ஒரு சின்னப் பிள்ளையும் அதைத் தள்ளி விளையாடலாம்தானே?

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். தூக்குவது நிறையோடு மல்லுக்கட்டுவது. தள்ளி வேகம் எடுக்க வைப்பதும் ஓடுகிறதை நிறுத்துவதும் திணிவோடு மல்லுக்கட்டுவது. நிலவில் 50 கிலோ மூட்டையைத் தூக்க 81 நியூற்றன் போதும், ஒரு பத்து வயதுப் பிள்ளையும் தூக்கிவிடும். அதே மூட்டையை உராய்வே இல்லாத சில்லு வண்டியில் வைத்து ஒரு செக்கனில் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள், பூமியில் என்ன விசை தேவையோ அதே விசைதான் அங்கேயும். கொஞ்சமும் குறையாது. பிள்ளை அந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றால் வண்டி பூமியில் இடிக்கிற மாதிரியே இடிக்கும். பொருளின் இந்த மறுப்பைத்தான் புத்தகத்தில் சடத்துவம் என்று படிக்கிறீர்கள்.

நிலவில் நடந்தவர்கள் இதை உடம்பாலேயே உணர்ந்தார்கள். அமெரிக்காவின் அப்பலோ நிலவுப் பயணங்களில் போட்ட உடுப்பும் முதுகுப் பொதியும் சேர்ந்து பூமியில் 80 கிலோவுக்கு மேல். 1972 ஏப்ரலில் அப்பலோ 16 இல் போன சார்ள்ஸ் டியூக் நிலவில் எவ்வளவு உயரம் பாயலாம் என்று பாய்ந்து பார்த்தார். எழும்பியது சுகம், ஆனால் முதுகில் இருந்த பொதியின் திணிவு அவரைப் பின்பக்கமாகச் சாய்த்து மல்லாக்க விழுத்திவிட்டது. உயிர் காக்கும் கருவி முழுக்க அந்தப் பொதிக்குள்தான் இருந்தது. பாரம் ஆறில் ஒன்றாகக் குறைந்தாலும் புரளத் தொடங்கிய திணிவை நிறுத்துவது இலேசு இல்லை.

இன்னொன்றும் உண்டு. சைக்கிள் பிரேக் பிடிக்கும்போது ரயர் நிலத்தை அழுத்துகிற விசையைப் பொறுத்துத்தான் உராய்வு. நிலவில் அழுத்தம் ஆறில் ஒன்று, அப்ப உராய்வும் ஆறில் ஒன்று. ஆனால் நிறுத்த வேண்டிய திணிவு அப்படியே இருக்கிறது. அதே வேகத்தில் வந்தால் நிற்க ஆறு மடங்கு தூரம் வேண்டும், வளைவில் திரும்பவும் அதே பாடு. நிலவில் எல்லாம் சுகம் என்று நினைக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஒன்றை மட்டுமாவது விளங்கப்படுத்திவிட வேண்டும் என்பது என் ஆசை.

அப்ப நிலவிலை கிரிக்கெட் விளையாடேக்கை பந்து பட்டால் நோகுமா, நோகாதா?

நோகும். ஒருவர் கையால் எறிந்த தோல் பந்து அதே வேகத்தில் வந்து பட்டால் பூமியில் நோகிற அளவு நோகும், ஏனென்றால் அதன் திணிவும் வேகமும் மாறவில்லை. மேலே எறிந்த பந்துதான் வேறு மாதிரி. இங்கே 10 மீற்றர் எழும்புகிற எறியில் அங்கே 60 மீற்றர் அளவுக்குப் போகும்.

உயரத்தில் இருந்து தானாக விழுகிற பொருளின் கதை வேறு. 10 மீற்றர் பனையில் இருந்து விழும் பனம்பழம் இங்கே செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடும், நிலவில் என்றால் 6 க்கும் குறைவு. அது மெதுவாக அடிப்பது வேகம் குறைந்ததால்தான், பழத்தின் திணிவு குறைந்ததால் இல்லை.

பாரமான சாமான்தானே கெதியா விழும்?

காற்று இல்லாத இடத்தில் இல்லை. 1971 இல் அப்பலோ 15 இல் போன டேவிட் ஸ்கொட் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்துக் கமராவுக்கு முன்னால் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன. சுத்தியலை நிலவு கூடுதலாக இழுக்கிறது உண்மை, ஆனால் அசைய மறுக்கிற திணிவும் அதற்குக் கூட, அதே விகிதத்தில். அதனால் ஆர்முடுகல் சமமாகி விடுகிறது.

தராசை நிலவுக்குக் கொண்டுபோனால் என்ன காட்டும்?

எந்தத் தராசு என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் படிக்கல். நிலவு இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் 50 கிலோவுக்கு 50 கிலோப் படிக்கல்தான் சமன் செய்யும். அது திணிவை ஒப்பிடுகிற தராசு, எந்தக் கிரகத்திலும் சரியாகவே சொல்லும்.

விற்றராசும் (சுருள்வில் தராசு) இப்போது கடைகளில் இருக்கிற இலக்ரோனிக் தராசும் விசையை அளந்து, பூமியில் இருப்பதாக நினைத்துக் கிலோவாக மாற்றிக் காட்டுகின்றன. அதே மூட்டைக்கு நிலவில் 8 கிலோ 270 கிராம் அளவில் காட்டும், வியாழனின் ஈர்ப்பில் 126 கிலோவுக்கு மேல் காட்டும். தராசு பழுதில்லை. அது பூமிக்கென்று செய்தது, அவ்வளவுதான்.

தங்கச்சி, இஞ்சை நிறுத்ததை வெளிநாட்டிலை நிறுத்தால் வித்தியாசம் வருமோ?

வரும் அண்ணை. பூமி முழு உருண்டை இல்லை, மத்திய கோட்டுப் பக்கம் கொஞ்சம் பருத்திருக்கிறது, சுழல்கிறது. அதனால் மத்திய கோட்டுக்குக் கிட்ட இழுவை குறைவு, முனைவுகளுக்குக் கிட்ட கூட. வன்னியில் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.78 அளவு, நோர்வேயில் ஒஸ்லோவில் 9.82 அளவு. இங்கே சரிபார்த்த இலக்ரோனிக் தராசை அப்படியே ஒஸ்லோவுக்குக் கொண்டுபோய் 50 கிலோ நெல்லை வைத்தால் 200 கிராம் அளவில் கூடக் காட்டும். நெல் ஒரு மணியும் கூடவில்லை. இதனால்தான் துல்லியமான தராசுகளைப் பாவிக்கிற இடத்திலேயே, திணிவு தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள். நகை நிறுக்கிற தராசுக்கு இது கட்டாயம் வேண்டும்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு மணிக்கூடு. 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே தென் அமெரிக்காவின் கயென் நகருக்குக் கொண்டுபோன ஊசல் மணிக்கூடு, பாரிஸ் நகரில் சரியாக ஓடியது, அங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியது. கயென் நம்மைப் போல மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற இடம். நியூற்றன் 1687 இல் வெளியிட்ட நூலில் இந்த அவதானத்தை எடுத்து, பூமி நடுவில் பருத்திருக்கிறது என்பதற்குச் சான்றாகப் பாவித்தார்.

சனி அவ்வளவு பெரிய கிரகம், பிறகேன் அங்கை நிறை கொஞ்சம்தான் கூடுது?

நல்ல கேள்வி, கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். இழுவை கிரகத்தின் திணிவை மட்டும் பொறுத்ததில்லை, மையத்தில் இருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கில் ஒன்று. சனியின் திணிவு பூமியைப் போல 95 மடங்கு, அதன் மத்திய கோட்டு ஆரை 9.4 மடங்கு. 9.4 ஐ 9.4 ஆல் பெருக்கினால் 88. 95 ஐ 88 ஆல் பிரித்தால் ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அது பதினொரு மணித்தியாலத்துக்கும் குறைவில் ஒருமுறை சுழல்வதையும் கணக்கில் எடுத்தால் மத்திய கோட்டில் 9 அளவுக்கு இறங்கியே விடும். சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு.

செவ்வாயையும் புதனையும் பாருங்கள். செவ்வாயின் திணிவு புதனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆனால் புதனின் ஆரை 2440 கிலோமீற்றர், செவ்வாயின் ஆரை 3390. திணிவு குறைந்தாலும் மையம் கிட்ட இருப்பதால் இரண்டிலும் 3.7 வருகிறது.

வியாழனிலை நிண்டால் நசிஞ்சு போவமா?

நிற்க நிலமே இல்லை. வியாழன் பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும், 24.8 என்ற எண் முகில் மேற்பரப்பை அண்டிய உயரத்துக்குத் தந்தது. இறங்க இறங்க அமுக்கமும் வெப்பமும் கூடிக்கொண்டே போகும், ஆளைக் கொல்வது அவைதான். இரண்டரை மடங்கு நிறையைச் சாய்ந்து படுத்த நிலையில் ஆரோக்கியமான ஒருவர் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்வார். ரொக்கெட் எழும்பும்போது விண்வெளி வீரர்கள் அதற்கு மேலும் தாங்குகிறார்கள்.

விண்வெளி நிலையத்திலை ஈர்ப்பே இல்லைத்தானே, அதாலைதானே மிதக்கினம்?

ஈர்ப்பு இருக்கிறது, தாராளமாக. நிலையம் இருப்பது 400 கிலோமீற்றர் அளவு உயரத்தில், அங்கே ஈர்ப்பு ஆர்முடுகல் 8.7. நிலத்தில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் எங்கேயோ போய்விடும்.

மிதப்பது ஏனென்றால் நிலையமும் ஆட்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மணிக்கு 27,600 கிலோமீற்றர் அளவு வேகத்தில் பக்கவாட்டாகப் போவதால், விழுகிற அளவுக்குப் பூமியின் வளைவும் கீழே விலகிப் போகிறது. சுத்தியலும் இறகும் ஒன்றாக விழுந்ததைச் சொன்னேன் அல்லவா, அதேதான் இது. ஆளும் நிலையமும் ஒரே ஆர்முடுகலில் விழுவதால் ஆளின் கால் தரையை அழுத்தாது. காலுக்குக் கீழ் தராசு வைத்தால் பூச்சியம் காட்டும்.

அப்ப அங்கை ஆக்களை எப்பிடி நிறுக்கினம்?

தட்டுத் தராசும் அங்கே உதவாது, இரண்டு தட்டும் அழுத்தம் இல்லாமல் மிதக்கும். அதனால் ஆளை அசைத்துப் பார்க்கிறார்கள். 1973 இல் ஸ்கைலாப் நிலையத்தில் சுருள்வில் பூட்டிய கதிரை ஒன்று இருந்தது. ஆளைக் கட்டி இழுத்து விட்டால் கதிரை முன்னும் பின்னும் ஆடும், திணிவு கூடினால் ஆட்டம் மெதுவாகும், ஒரு ஆட்டத்துக்கு எடுக்கும் நேரத்தில் இருந்து கிலோ வந்துவிடும். இப்போதைய நிலையத்தில் தெரிந்த விசையால் ஆளை இழுத்து ஆர்முடுகலை அளக்கிற கருவியும் இருக்கிறது. நெல் மூட்டையைத் தள்ளிப் பார்க்கச் சொன்ன பதிலை ஒருமுறை திரும்ப வாசியுங்கள், அந்த முறையேதான்.

கிணத்துக்கை வாளி தண்ணிக்கை இருக்கேக்கை இலேசு, மேலை வந்தால் பாரம். அப்ப திணிவு மாறுதுதானே?

மாறவில்லை, நிறையும் மாறவில்லை. தண்ணீர் வாளியை மேல்நோக்கித் தள்ளுகிறது, அது மேலுதைப்பு. உங்கள் கைக்குத் தெரிவது நிறையில் இருந்து மேலுதைப்பைக் கழித்த மிச்சம். இரணைமடுக் குளத்தில் நீந்தும்போது உடம்பு இலேசாகத் தெரிவதும் இதனால்தான். விண்வெளி வீரர்கள் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் பயிற்சி எடுப்பதும் இந்த மிச்சத்தைப் பூச்சியமாக்கித்தான், பூமியின் இழுவை அங்கேயும் குறையவில்லை.

பூமியின்ரை நடுவிலை ஒருத்தன் நிண்டால் அவன்ரை நிறை எவ்வளவு?

பூச்சியம். எல்லாப் பக்கமும் இருக்கிற திணிவு எல்லாப் பக்கமும் இழுப்பதால் ஒன்றை ஒன்று வெட்டிவிடும். திணிவு அதே 50 கிலோ. ஆனால் கீழே போகப் போக நிறை ஒரே சீராகக் குறையும் என்று எழுதாதீர்கள். பூமியின் அகணி, அதாவது நடுப்பகுதி, மற்றப் பகுதியை விட மிகவும் அடர்த்தியானது, அதனால் 2890 கிலோமீற்றர் ஆழத்தில் அகணியின் விளிம்புக்குப் போகும்போது ஈர்ப்பு ஆர்முடுகல் 10.7 அளவுக்குக் கூடிவிட்டுத்தான் அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கும்.

திணிவு எங்கையும் மாறாது எண்டால், ஒரு கிலோ எண்டது இவ்வளவுதான் எண்டு ஆர் முடிவெடுத்தது?

1889 தொடக்கம் பாரிஸ் நகருக்கு அருகில் பூட்டி வைத்திருந்த பிளாற்றினம் இரிடியம் கலந்த ஒரு உருளைதான் உலகத்துக்கே ஒரு கிலோ. காலப்போக்கில் அதன் பிரதிகளோடு ஒப்பிட்டால் கிராமின் இலட்சத்தில் சில பங்கு அளவில் வித்தியாசம் தெரிய வந்தது. 2019 மே 20 தொடக்கம் கிலோகிராமை பிளாங்கின் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஒரு எண்ணோடு பிணைத்துவிட்டார்கள், இப்போது அந்த உருளை தேவையில்லை.

அந்த வரையறையில் இருந்து உண்மையான ஒரு கிலோவை எடுக்க ஒரு வழி கிபிள் தராசு, பிரித்தானிய இயற்பியலாளர் பிரயன் கிபிள் 1975 இல் முன்வைத்தது. அது பொருளின் நிறையை மின்காந்த விசையால் சமன் செய்கிறது. அதனால் தராசு வைத்திருக்கிற அதே அறையின் ஈர்ப்பு ஆர்முடுகலை மிக நுணுக்கமாகத் தனியே அளந்தால்தான் கிலோ கிடைக்கும். செவ்வாயில் ஒரு கிபிள் தராசு வைத்தாலும் அங்கத்தைய 3.7 ஐ அப்படி அளந்து போட்டால் போதும், பூமியில் வருகிற அதே கிலோ வரும்.